பெயரின் வேர்: மகர வரிசைப் பெண்பெயர்கள்

நுழையும்முன்

நம் பெயரை நாள்தோறும் பலமுறை கேட்கிறோம், ஏடுகளில் எழுதுகிறோம். ஆயினும், அது ஒரு சொல் என்பதையும் அச்சொல்லுக்குப் பொருளும் வரலாறும் உண்டு என்பதையும் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ‘ம’ என்னும் ஓரெழுத்தில் தொடங்கும் பெண்பெயர்கள் சிலவற்றின் பொருளையும் அவை பிறந்த இடத்தையும் இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

வகுப்பறையில் ஒரு வினா

தில்லியிலுள்ள ஒரு பள்ளியில் கல்வியாண்டின் முதல் நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் ஒவ்வொரு மாணவியையும் எழுப்பி, “உன் பெயரின் பொருள் என்ன?” என்று வினவுகிறார். “உஜ்வலா என்றால் ஒளி மிக்கவள்” என்கிறாள் ஒருத்தி. “ஷப்னம் என்றால் பனித்துளி” என்கிறாள் மற்றொருத்தி. “குர்பிரீத் என்றால் குருவின்பால் அன்புடையவள்” என்கிறாள் மூன்றாமவள். அடுத்து எழுந்தவளின் பெயர் மாரியம்மாள். அவள் தலைகுனிந்து, “அது என் பாட்டியின் பெயர், பழைய பெயர், அதற்குப் பொருள் ஒன்றுமில்லை” என்று கூறி அமர்ந்துவிடுகிறாள்.

அவள் கூறியது சரிதானா? மாரியம்மாள் என்னும் பெயருக்குப் பொருள் இல்லையா? விடையைத் தேடும்முன், அப்பெயரின் முதலெழுத்தையும் அவ்வெழுத்தில் தொடங்கும் பிற பெயர்களையும் காண்போம்.

மகரத்தின் சிறப்பு

‘ம்’ மெல்லின எழுத்துகளுள் ஒன்று. இதழ்கள் இரண்டும் பொருந்த, மூச்சு மூக்கின் வழியே செல்லும்போது இவ்வொலி பிறக்கிறது. ‘அம்மா’ என்னும் சொல்லில் இவ்வொலி இரட்டித்து வருவதை ஒலித்துப் பாருங்கள்.

தமிழில் எல்லா மெய்களும் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. வருவனவும் எல்லா உயிர்களோடும் சேர்ந்து வருவதில்லை. க், த், ந், ப், ம் ஆகிய ஐந்து மெய்கள் மட்டுமே பன்னிரண்டு உயிர்களோடும் கூடிச் சொல்லுக்கு முதலாகும் என்று தொல்காப்பியம் கூறுகிறது. ஆகவேதான் மலர்விழி, மாதவி, மீனாட்சி, முத்துலட்சுமி, மெய்யம்மை, மைதிலி எனப் பலவகையாகப் பெயர்கள் அமைகின்றன.

சில குடும்பங்களில் குழந்தை பிறந்த நாள்மீனுக்கு உரிய எழுத்தில் பெயர் வைப்பர். மகம் என்னும் நாள்மீனில் பிறந்த குழந்தைக்கு மகர வரிசையில் பெயரிடுவது அவ்வழக்கம். உடன்பிறந்தார் அனைவர்க்கும் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களைச் சூட்டும் பெற்றோரும் உளர். முதலெழுத்து ஒன்றாக இருந்தாலும் அப்பெயர்கள் பிறந்த இடம் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை.

மலரும் மங்கையும்

மலர்விழி என்னும் பெயரைப் பிரித்தால் மலர், விழி என இரண்டு தமிழ்ச் சொற்கள் கிடைக்கும். ‘மலர் போன்ற விழி’ என்பது உவமைத்தொகை. அத்தகைய விழியை உடையவள் என்று ஒரு பெண்ணைக் குறிக்கும்போது அது அன்மொழித்தொகை ஆகிறது. ‘உடையவள்’ என்னும் சொல் பெயருக்குள் இல்லை. ஆயினும் அப்பொருள் நமக்கு விளங்குகிறது. நீங்கள் இலக்கணப் பாடத்தில் கற்கும் அன்மொழித்தொகை, உங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கக்கூடும்.

முல்லை என்பது வெண்ணிற மணமலர். பழந்தமிழர் காடும் காடு சார்ந்த இடமுமாகிய நிலத்திற்கு அம்மலரின் பெயரையே வைத்தனர். பற்றிப் படரக் கொம்பின்றி வாடிய முல்லைக்கொடிக்குத் தன் தேரையே அளித்தான் வள்ளல் பாரி என்பது தமிழர் போற்றும் செய்தி. முல்லை, முல்லைக்கொடி என்னும் பெயர்களில் அந்நிலமும் அக்கொடையும் நினைவுக்கு வருகின்றன.

மங்கை என்பது பெண்ணின் ஏழு பருவங்களுள் ஒன்றின் பெயர். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அப்பருவங்கள். மங்கையர்க்கரசி என்னும் பெயரை மங்கையர்க்கு + அரசி எனப் பிரிக்க வேண்டும். ‘கு’ என்னும் நான்காம் வேற்றுமை உருபு அப்பெயருக்குள் வெளிப்படையாக நிற்கிறது. இப்பெயர் தாங்கிய அரசியார் சோழர் குடியில் பிறந்து பாண்டியன் நின்றசீர் நெடுமாறனை மணந்தவர். அறுபத்துமூன்று நாயன்மார்களுள் மகளிர் மூவர். அம்மூவருள் இவரும் ஒருவர்.

மெய்யம்மை என்பது செட்டிநாட்டில் பெருவழக்காக உள்ள பெயர். மெய் என்றால் உண்மை. அம்மை என்றால் தாய்.

மதி என்னும் சொல்லைக் கவனியுங்கள். அதற்கு நிலவு என்றும் அறிவு என்றும் இரு பொருள் உண்டு. மதிவதனி என்றால் நிலவு போன்ற முகமுடையவள். இங்கு வதனம் என்பது முகத்தைக் குறிக்கும் வடசொல். ‘மதிநுட்பம்’ என்னும்போது மதி என்பது அறிவைக் குறிக்கிறது. ஆகவே, ஒரு சொல்லின் பொருளை அது நிற்கும் இடத்தைக் கொண்டே உறுதி செய்ய வேண்டும்.

தாயும் மகளும்

சிலப்பதிகாரத்தில் வரும் ஆடற்கலையரசி மாதவி. மணமிக்க குருக்கத்திக் கொடிக்கு மாதவி என்றும் பெயர் உண்டு. அவள் மகள் மணிமேகலை. மேகலை என்பது மகளிர் இடையில் அணியும் அணிகலன். மணிமேகலை என்றால் மணிகள் பதித்த மேகலை என்பது பொருள்.

ஆயினும், அணிகலனின் அழகுக்காக மட்டும் அப்பெயர் சூட்டப்படவில்லை. கோவலனின் முன்னோர் ஒருவர் கடலில் சென்றபோது கலம் உடைந்து துன்புற்றார். மணிமேகலா தெய்வம் அவரைக் காத்துக் கரை சேர்த்தது. அந்நன்றியை மறவாமல், தன் குலம் காத்த தெய்வத்தின் பெயரைக் கோவலன் தன் மகளுக்குச் சூட்டினான். எனவே, பெயருக்குச் சொற்பொருள் ஒன்றும், அதைச் சூட்டிய காரணம் ஒன்றுமாக இரண்டு செய்திகள் உண்டு. முன்னதை அகராதியில் காணலாம். பின்னதைக் குடும்பத்தாரிடம் கேட்டே அறியலாம்.

வளர்ந்த மணிமேகலை அமுதசுரபி என்னும் அட்சய பாத்திரத்தைக் கையிலேந்திப் பசித்தோர்க்கெல்லாம் உணவளித்தாள். சீத்தலைச் சாத்தனார் இயற்றிய காப்பியம் அவள் பெயராலேயே வழங்குகிறது.

சென்று திரும்பிய சொல்

மதுரை என்றதும் மீனாட்சி என்னும் பெயர் நினைவுக்கு வரும். மீன், அக்ஷி ஆகிய இரண்டும் சேர்ந்து அப்பெயர் அமைந்தது. அக்ஷி என்பது கண்ணைக் குறிக்கும் வடசொல். ‘க்ஷ’ என்னும் வடவெழுத்து இங்கே தமிழில் ‘ட்ச’ என்று வருகிறது. காஞ்சியில் காமாட்சி, காசியில் விசாலாட்சி ஆகிய பெயர்களிலும் இதே சொல்லைக் காணலாம்.

மீனாட்சி என்றால் மீன் போன்ற கண்ணை உடையவள். மீன் தன் முட்டைகளைப் பார்வையாலேயே காத்துப் பொரிக்கும் என்பது முன்னோர் நம்பிக்கை. அதுபோல் அம்மை தன் மக்களைப் பார்வையால் காக்கிறாள் என்று பெரியோர் விளக்கம் கூறுவர். இதே பொருளில் தூய தமிழில் அங்கயற்கண்ணி என்று வழங்குவதும் உண்டு. அம் என்றால் அழகிய. கயல் என்பது ஒருவகை மீன். கயல் + கண்ணி என்பது கயற்கண்ணி எனப் புணர்ந்தது.

இப்பெயரில் மற்றொரு வியப்பும் உண்டு. வடமொழியில் மீனைக் குறிக்கும் ‘மீன’ என்னும் சொல், தமிழ் முதலிய திராவிட மொழிகளிலிருந்து அங்குச் சென்றதாகவே மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், தெற்கிலிருந்து வடக்கே சென்ற சொல் அங்குள்ள மற்றொரு சொல்லோடு இணைந்து, புதிய வடிவம் பெற்று மதுரைக்குத் திரும்பியிருக்கிறது. ஊர்விட்டு ஊர் சென்று வாழ்வது மனிதர்க்கு மட்டும் உரியதன்று. சொற்களும் அவ்வாறே செல்கின்றன, சென்ற இடத்தில் உறவு கொள்கின்றன. அதனால் அவை தம் வேரை இழந்துவிடுவதில்லை.

வடபுலத்திலிருந்து வந்தவை

மைதிலி என்றால் மிதிலை நாட்டைச் சேர்ந்தவள். மிதிலை மன்னன் சனகனின் மகளாகிய சீதைக்கு அது பெயராயிற்று. பாஞ்சால நாட்டவள் பாஞ்சாலி. கேகய நாட்டவள் கைகேயி. காந்தார நாட்டவள் காந்தாரி. இவையெல்லாம் நாட்டால் அமைந்த பெயர்களே. மிதிலைப் பகுதி இன்று பீகாரிலும் நேபாளத்திலும் பரவியுள்ளது. அங்கு வழங்கும் மொழியின் பெயரும் மைதிலிதான். அம்மொழி 2003ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் நம் அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. உங்கள் வகுப்பில் பீகாரிலிருந்து வந்த தோழி இருந்தால், தமிழ்ப் பெண் ஒருத்தியின் பெயர் தன் தாய்மொழியின் பெயராக இருப்பதைக் கேட்டு அவள் மகிழக்கூடும்.

மீரா இராசத்தானத்தில் வாழ்ந்த பக்திக் கவிஞர். 1945இல் தமிழில் ‘மீரா’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதில் மீராவாக நடித்துப் பாடியவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. இத்தகைய பெயர்களை, சொற்பொருளைக் காட்டிலும் அவற்றைத் தாங்கியவர்களின் புகழே ஊர்தோறும் கொண்டு செல்கிறது.

கடல் கடந்து வந்தவை

மரியம், மரியா, மேரி ஆகிய மூன்றும் வெவ்வேறு பெயர்கள் போலத் தோன்றும். ஆனால், மூன்றுக்கும் மூலம் மிரியாம் என்னும் எபிரேயப் பெயரே. அரபு மொழி வழியாக மரியம் என்று அது இசுலாமியர் இல்லங்களுக்கு வந்தது. திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மர்யம் என்னும் பெயருடையது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின் மரியா என்னும் வடிவம் தமிழகக் கடற்கரை ஊர்களில் பரவியது. ஆங்கிலத்தின் வழியே வந்த வடிவம் மேரி. ஒரு தெருவில் மரியமும் மேரியும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தால், அவ்விருவரும் ஒரே பெயரைத் தாங்கியவர்கள் என்பதை இனி நீங்கள் எடுத்துரைக்கலாம்.

மும்தாஜ் என்பது ‘சிறப்புற்றவர்’ எனப் பொருள்படும் அரபுச் சொல். ஆக்ராவிலுள்ள தாஜ்மகால், பேரரசர் ஷாஜகானின் துணைவியார் மும்தாஜ் மகாலின் நினைவாக எழுப்பப்பட்டது. அவருடைய இயற்பெயர் அர்ஜுமந்த் பானு. மும்தாஜ் மகால் என்பது அவர் பெற்ற சிறப்புப்பெயர். அரண்மனையில் சிறப்புப்பெயராக இருந்த அச்சொல், இன்று பல தமிழ் இல்லங்களில் இயற்பெயராக வழங்குகிறது.

பெயருக்குப் பெருமை சேர்த்தவர்

முத்து கடல் தரும் செல்வம். பாண்டியரின் கொற்கைத் துறை முத்துக்குப் பெயர்பெற்றது. லட்சுமி வடமொழிப் பெயர். இவ்விரண்டும் இணைந்தது முத்துலட்சுமி. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த ஒரு பெண் இப்பெயரைத் தாங்கினார். பெண்கள் உயர்கல்வி பெறுதற்குப் பல தடைகள் இருந்த அக்காலத்தில், அவர் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி மருத்துவரானார். 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையின் உறுப்பினராகித் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அடையாற்றிலுள்ள புற்றுநோய் மருத்துவமனை 1954இல் அவர் முயற்சியால் தொடங்கப்பெற்றது. அவரே மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. பெற்றோர் சூட்டிய பெயருக்குத் தம் செயலால் புதுப்பொருள் சேர்த்தவர் அவர்.

ஒலியும் எழுத்தும்

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும்போது நம் பெயர்கள் சில இடர்களைச் சந்திக்கின்றன. மலர்விழி என்னும் பெயரிலுள்ள ‘ழ’ தமிழிலும் மலையாளத்திலும் சிறந்து வழங்கும் ஒலி. பிற மொழியினர் பலர்க்கு அது பழக்கமில்லாதது. எனவே மலர்விழியை ‘மலர்விலி’ என்றும் ‘மலர்விஜி’ என்றும் அழைப்பர். அதற்காகச் சினம் கொள்ள வேண்டியதில்லை, நாணவும் வேண்டியதில்லை. நாக்கின் நுனியை மேல்நோக்கி வளைத்து, அண்ணத்தைத் தொடாமல் ஒலிக்கவேண்டும் என்று ஒருமுறை பொறுமையாகக் கற்றுக்கொடுங்கள். தேவநாகரியில் ‘ள’ ஒலிக்குரிய எழுத்தின்கீழ்ப் புள்ளியிட்டு ‘ழ’ ஒலியைக் குறிக்கும் முறை உண்டு என்பதையும் உங்கள் இந்தி ஆசிரியரிடம் கூறலாம்.

குறில், நெடில் வேறுபாடும் இன்றியமையாதது. மாரியம்மாள், மரியம்மாள் ஆகிய இரண்டையும் ஒலித்துப் பாருங்கள். முதலெழுத்து நெடிலானால் அது மாரியம்மனின் பெயர்; குறிலானால் மரியன்னையின் பெயர். ஆங்கில எழுத்தில் இரண்டையும் பெரும்பாலும் ஒரே வகையாக எழுதிவிடுவர். ஆகவே, பெயரைத் தமிழில் பிழையின்றி எழுதக் கற்றுக்கொள்வது அவசியம்.

விண்ணப்பப் படிவங்களில் ‘குடும்பப்பெயர்’ என்னும் இடம் இருக்கும். தமிழரிடையே தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இடுவதே பெருவழக்கு. அவ்விடத்தில் தந்தையின் பெயரை எழுதிவிடுவதால், மகளையே ‘முருகேசன்’ என்று அழைக்கும் நிலை நேர்வதுண்டு. அப்போது, “அது என் தந்தையின் பெயர், என் பெயர் இது” என்று பணிவாக விளக்குங்கள். தலைப்பெழுத்து தந்தை பெயரையே குறிக்க வேண்டும் என்பதுமில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் தலைப்பெழுத்துகளுள் முதலாவது அவர் பிறந்த மதுரையையும், இரண்டாவது அவருடைய தாய் சண்முகவடிவையும் குறிக்கின்றன.

மாரியம்மாளுக்கு விடை

இனி, முதலில் எழுந்த வினாவுக்கு வருவோம். மாரி என்பது பழந்தமிழ்ச் சொல். அதற்கு மழை என்று பொருள். மழை பொழிவிக்கும் தாயாக ஊர்தோறும் மாரியம்மனை மக்கள் வணங்குகின்றனர். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான்சிறப்பை வைத்து மழையைப் போற்றினார். பாரியின் கொடைக்கு ஒப்பாகக் கபிலர் எடுத்துக்காட்டியதும் மாரியையே. மே, ஜூன் மாதங்களில் அனற்காற்றில் வாடும் தில்லி மக்களும் மாரியைத்தானே எதிர்நோக்கி இருக்கின்றனர்? பனித்துளியைக் குறிக்கும் ஷப்னமும் மழையைக் குறிக்கும் மாரியும் ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பது எத்துணை அழகு!

“அது என் பாட்டியின் பெயர்” என்று அவள் கூறியதும் தாழ்வுக்குரியதன்று. பேத்தி என்னும் சொல்லின் முழுவடிவம் பெயர்த்தி. பேரன் என்பதன் முழுவடிவம் பெயரன். பாட்டன், பாட்டியின் பெயரைத் தாங்குபவர் என்பதே அவற்றின் பொருள். பெயரைக் குழந்தைக்கு அளித்து முன்னோரை நினைவில் வைத்திருந்த வழக்கமே ஓர் உறவுமுறைச் சொல்லாகியிருக்கிறது. ஊரில் தனித்திருக்கும் பாட்டியின் பெயர், பல நூறு கல் தொலைவிலுள்ள ஒரு வகுப்பறையில் நாள்தோறும் ஒலிக்கிறது. அதைத் தாங்கிச் செல்பவள் அப்பேத்தியே.

ஆகவே மாணவர்களே, பழைய பெயர் என்றோ, பிறமொழிப் பெயர் என்றோ, நாவில் நுழையாத பெயர் என்றோ எந்தப் பெயரையும் இகழ வேண்டா. உங்கள் பெயரின் பொருளை அறியுங்கள், சூட்டியவரிடம் காரணத்தைக் கேளுங்கள், பிழையின்றி எழுதுங்கள். அடுத்தமுறை எவரேனும் வினவினால், தலைநிமிர்ந்து விடை கூறுங்கள்.

சொற்பொருள்

அண்ணம் – வாயின் மேற்பகுதி
இயற்பெயர் – பிறந்தபோது இட்ட பெயர்
கயல் – ஒருவகை மீன்
கலம் – மரக்கலம், கப்பல்
நாள்மீன் – நட்சத்திரம்
மாரி – மழை
மேகலை – இடையில் அணியும் அணிகலன்
வதனம் – முகம்

பயிற்சிகள்

அ. பிரித்து எழுதுக.
1. மங்கையர்க்கரசி
2. கயற்கண்ணி
3. மலர்க்கொடி

ஆ. பொருத்துக.
1. மைதிலி – சிறப்புற்றவர்
2. மும்தாஜ் – குருக்கத்திக் கொடி
3. மாதவி – மிதிலை நாட்டவள்
4. மெய்யம்மை – உண்மையான தாய்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பன்னிரண்டு உயிர்களோடும் கூடிச் சொல்லுக்கு முதலாகும் மெய்கள் யாவை?
2. கோவலன் தன் மகளுக்கு மணிமேகலை எனப் பெயரிட்டது ஏன்?
3. மாரியம்மாள், மரியம்மாள் ஆகிய பெயர்களின் வேறுபாடு யாது?
4. பெயர்த்தி என்னும் சொல்லின் பொருளை விளக்குக.

ஈ. சிந்தித்து எழுதுக.
‘சொற்களும் ஊர்விட்டு ஊர் செல்கின்றன.’ மீனாட்சி என்னும் பெயரைச் சான்றாகக் கொண்டு பத்து வரிகளில் விளக்குக.

உ. செயல்திட்டம்
உங்கள் பாட்டி, தாய், உடன்பிறந்தோர், தோழியர் ஆகியோருள் ஐவரின் பெயர்களைத் திரட்டுக. ஒவ்வொரு பெயருக்கும் பொருள், பிறந்த மொழி, சூட்டியவர், சூட்டிய காரணம் ஆகியவற்றைப் பட்டியலிடுக. ஊரிலுள்ள பெரியோரிடம் தொலைபேசியில் கேட்டு எழுதிய செய்திகளை வகுப்பில் படித்துக் காட்டுக.